ஒரே 29 யூனிட், வீட்டுக்கு ஒரு விலை

ஏ.சி.க்களுக்கான நட்சத்திர அளவுகோல் 2026 ஜனவரி 1 முதல் மீண்டும் கடுமையாகிவிட்டது. பழைய முத்திரையோடு தேங்கிய சரக்கு தள்ளுபடிக்கு வந்ததும், எதை வாங்கினால் கரண்ட் பில் குறையும் என்ற கேள்வி வாசகர் கடிதங்களில் பெருகியிருக்கிறது. கூடவே வரும் இன்னொரு கேள்வி, 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால், தமிழ்நாட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறுகிறது.

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, அரசு மானியம் போக நுகர்வோர் செலுத்துவது இது: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 2.35 ரூபாய் என்ற படியே இல்லாமல் போகிறது. 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 விழுகிறது. 500-க்கு மேல் 8.40, 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. எல்லா யூனிட்டுக்கும் 8.40 போட்டுவிடுவார்கள் என்ற பரவலான அச்சம் தவறு. முதல் 100 யூனிட் அப்போதும் இலவசம்தான்.

ஆனால், அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்காக 243 ரூபாய் கூடுகிறது. 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்கு முன் இந்த இடைவெளி இன்னும் பெரிது: 1,130 ரூபாயாக இருந்த பில் ஒரு யூனிட் கூடியதும் 1,786-க்குத் தாவியது. அந்த உயர்வு இடைவெளியைச் சுருக்கியது உண்மை. அதே உயர்வில், 500 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் பில் 1,725 ரூபாயானது. மேட்டைத் தணிக்காமல் பள்ளத்தை நிரப்பிச் செய்த சமன் அது. சீர்திருத்தம் என்று அதை அழைப்பதை ஏற்பது கடினம்.

இந்த ஏற்பாடு சிக்கன முயற்சிகளை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு மின்விசிறியே போதுமான உதாரணம். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 35 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 29 யூனிட் மிச்சம். 510 யூனிட் எரிக்கும் வீட்டில் பில் 2,124-லிருந்து 1,685-க்கு இறங்குகிறது. அதாவது 439 ரூபாய் லாபம், யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாய். 300 யூனிட் வீட்டில் அதே ஃபேன் 136 ரூபாயை மிச்சமாக்கும். 130 யூனிட் வீட்டில் 68 ரூபாய். 95 யூனிட் வீட்டில் ஒரு காசுகூட இல்லை. விளம்பரங்களில் வரும் ‘ஆண்டுக்கு இவ்வளவு சேமிப்பு’ என்ற தொகை இவற்றில் எந்த வீட்டுக்கானது என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. மானியத்தில் கைவைக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சிக்கனமான கருவியை மலிவாகத் தர வேண்டியது யாருக்கு என்ற கேள்வியைக் கட்டணப் பட்டியலே எழுப்புகிறது என்பதுதான் பொருள். சிறு வீட்டில் மிச்சமாகும் யூனிட்டின் பலன் அந்த வீட்டுக்குப் போவதில்லை, மானியம் தரும் அரசுக்கே போகிறது. அந்த ஃபேனின் செலவில் அரசு பங்கேற்பதே நியாயம்.

ஏ.சி. முத்திரையிலும் இதே கவனம் தேவை. நட்சத்திரங்களுக்கு அடியில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் இருக்கும். ஓராண்டில் தரும் குளிர்ச்சியை ஓராண்டில் எரிக்கும் மின்சாரத்தால் வகுத்த எண் அது. 24 முதல் 43 டிகிரி வரையான வெளி வெப்பநிலைகளில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்து இதைக் கணிக்கிறார்கள். முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட்டும் அந்த 1,600 மணி நேரத்துக்கானது. எட்டு மாதம் இரவெல்லாம் ஏ.சி. ஓடும் சென்னை வீடு அதை எளிதில் தாண்டிவிடும். மேலும், கடலோர ஊர்களில் ஏ.சி.யின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றின் ஈரத்தைப் பிழிவதில் போகிறது. நாடு முழுமைக்குமான ஒற்றை எண் அதைத் தனியே காட்டாது. நட்சத்திரமோ காலத்தோடு தேய்வது. 2022 ஜூலைக்கு முன் ஸ்பிளிட் ஏ.சி.க்கு 4.50 எண் இருந்தாலே ஐந்து நட்சத்திரம், அதன்பின் 5.00 தேவைப்பட்டது; இப்போது வரம்பு மேலும் ஏறியிருக்கிறது. ஆகவே கடையில் எண்ணை ஒப்பிட வேண்டும், முத்திரை செல்லும் காலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு ஏ.சி.களுக்கிடையே ஆண்டுக்கு 200 யூனிட் வித்தியாசம் என்றால், 4.70 படியில் நிற்கும் வீட்டுக்கு அது 940 ரூபாய், 9.45 படியில் நிற்கும் வீட்டுக்கு 1,890. முதல் வீட்டார் கூடுதல் விலை கொடுக்குமுன் யோசிக்கலாம், இரண்டாம் வீட்டார் தயங்க வேண்டியதில்லை.

நூறு யூனிட்டுக்குள் வாழும் வீடுகளுக்கு இந்தக் கணக்குகளால் பயனில்லை. அங்கே பிரச்சினை பில் அல்ல, வெக்கை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்த வெந்த காற்றையே சுழற்றும். கோடைக்கு முன் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் பூச்சோ அடிப்பது இருப்பவற்றில் மலிவான வழி. அழுக்கு படிந்தால் பலன் குறையும், சுண்ணாம்பை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுர்க்கி போட்டு, மேலே தட்டோடு பதித்த பழைய தளங்கள் வெப்பத்தை மெதுவாகவே கீழே விட்டன. செலவு மிச்சமென்று அதை விட்டுவிட்டுக் கட்டிய வீடுகளில் மேல்தளத்தில் குடியிருப்பவர்கள்தாம் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

மற்ற கேள்விகளில், வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலை வாங்கினால் இலவச யூனிட் குடியிருப்பவரைச் சேர்வதில்லை. ஆனால் அவருக்கு பி.எல்.டி.சி. ஃபேன் கட்டாயம் கட்டுப்படியாகும். மாதந்தோறும் கணக்கெடுத்தால் பில் குறையுமா என்றால், படிகளையும் பாதியாக்கினால் பொதுவாகக் குறையாது. ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சம் என்பது அரசு சொல்லும் சராசரி; 26-இல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடாது. ஃபிரிட்ஜின் கதவு சரியாக மூடாவிட்டால் கேஸ்கெட்டை மாற்றினால் போதும். மேற்கூரை சோலாருக்கு பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு; அது முதலில் கழிப்பது உச்சப் படியின் யூனிட்டுகளை என்பதால், 800 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு முதலீடு விரைவில் திரும்பும், 200 யூனிட் வீட்டுக்குத் திரும்புவது கடினம்.