ஒரு துளி இரத்தத்தின் சாட்சியம்

நீரிழிவைக் கண்டறிய முற்கால மருத்துவர் நம்பியது சிறுநீரையே. அதன் இனிப்பைக் கண்டே ஆயுர்வேத நூலோர் இந்நோயை 'மதுமேகம்' என்றனர். மருத்துவ மேதை இப்னு சீனாவும் (980 - 1037) அவ்வினிப்பைக் குறித்துச் சென்றுள்ளார். இன்று அந்தச் சாட்சியத்தை நாம் இரத்தத்திடம் கேட்கின்றோம். ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வது மரபு. இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் நாம் அவ்வாறே அணுக வேண்டும். ஊசி முனையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை அம்மாதிரி எந்நிலையில், எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அறியாமல் எண்ணை மட்டும் நம்புதல் தகாது.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலப்பரப்பில், சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற ஊர் அது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இத்தகைய ஊர்களில் வீட்டு வாசலிலேயே விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கும் வழி பிறந்தது. இது பெரும் பேறே. ஆயினும் கையடக்கக் கருவி ஐயத்தை எழுப்ப வல்லதேயன்றி, நோயை உறுதிசெய்ய வல்லதன்று. தரமான கருவியும் உண்மை அளவினின்று 15 விழுக்காடு வரை விலகக்கூடும். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் சேரும்.

நோயை உறுதிசெய்ய நாளத்திலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லி கிராமும் அதற்கு மேலும், அல்லது 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய இரண்டு மணி நேரத்தில் 200-உம் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு எனலாம். அறிகுறி இல்லாதவர்க்கு மறு பரிசோதனையும் தேவை. வெறும் வயிறு என்பது குறைந்தது எட்டு மணி நேரம் உணவின்றி இருத்தலாகும். தண்ணீர் அருந்தலாம், தேநீர் கூடாது. இரவுப் பணி முடித்து, விடியலில் ஒரு குவளைத் தேநீர் அருந்திவிட்டு வரிசையில் நிற்கும் தொழிலாளியிடம் இதை யாரேனும் கேட்டாக வேண்டும்.

அடுத்தது பயணம். குழாயில் அடைபட்ட பின்னரும் இரத்த அணுக்கள் உயிருடன் இருந்து சர்க்கரையை உண்கின்றன. சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அது குறைகின்றது. காலையில் 130 இருந்த ஒருவரின் மாதிரி ஒரு மணி நேரம் கழித்து 122 அளவில் நிற்கலாம். நோயாளி 'நோயில்லை' என்ற அறிக்கையுடன் வீடு திரும்புவார். கண்ணும் சிறுநீரகமும் ஓசையின்றிப் பழுதுறும். ஆய்வுக்கூடத்திற்கு அருகில் வாழ்வோரைவிடத் தொலைவில் வாழ்வோரையே இப்பிழை மிகுதியும் தாக்கும். இதைத் தடுக்கவே சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு சேர்க்கின்றனர். அதுவும் முழுமையாகச் செயற்பட ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, விரைவில் அணுக்களைப் பிரித்தெடுப்பதே நலம்.

ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை; மாதிரியும் எளிதில் கெடாது. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவாகும். ஆனால் இரத்தசோகை உடையோர்க்கு இவ்வெண் பிறழக்கூடும். நம் பெண்களிடையே இரத்தசோகை மிகுந்திருப்பதால் இதை மறத்தல் கூடாது.

ரமலான் மாதத்தில் இவ்வறிவு உயிர் காக்கும். 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கு மேற்பட்ட நீரிழிவாளரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று, நோன்பு மாதத்தில் இரண்டாம் வகை நீரிழிவாளர்க்குக் கடும் சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ ஏழரை மடங்கு உயர்ந்ததைக் காட்டிற்று. நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சிப் பகலில் விரலைக் குத்தாதோர் நம்மிடையே உளர். பரிசோதனைக்காகத் துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டுமென மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. நோயாளிக்குச் சலுகை அளித்த மார்க்கம் இது. திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 185-ஆம் வசனம் அதற்குச் சான்று.

2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவாளர் 10 கோடிக்கு மேல் என மதிப்பிட்டது. இனி நம் ஜமாஅத்துகள் நடத்தும் மருத்துவ முகாம்களில், எத்தனை பேருக்கு இரத்தம் எடுத்தோம் என்று எண்ணுவதோடு நில்லாமல், அதை எவ்வளவு நேரத்தில் ஆய்வுக்கூடம் சேர்த்தோம் என்பதையும் குறித்து வைப்போமாக. ஐயத்திற்குரிய எண் பெற்ற ஒவ்வொருவரையும் மறு பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் நம் கடமையே.