கைபேசிக் கடை – 9: தொட்டுப் பார்க்காத சேலை

ஒரே சேலை, ஒரே படம். திருமங்கலத்தில் ஒரு அக்காவின் ஸ்டேட்டஸில் 699 ரூபாய். மேலூரில் இன்னொருவரின் வாட்ஸ்அப் குரூப்பில் 649. இன்ஸ்டாகிராமில் வேறு யாரோ 599 என்று போட்டு, ஷிப்பிங் ஃப்ரீ என்றும் எழுதியிருக்கிறார். மூன்று பேருமே அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கோ இருக்கும் மொத்த வியாபாரி அனுப்பிய படத்தை அப்படியே எடுத்து, விலையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் 599-க்குத்தான் போவார். மற்ற இருவரும் அடுத்த தடவை விலையை இறக்குவார்கள். இறக்கி இறக்கி, ஒரு சேலைக்கு இருபது ரூபாய்கூட நிற்காத நிலை வந்ததும் 'ஆன்லைன்ல ஒண்ணும் கட்டுபடியாகலக்கா' என்று விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு நோட்டைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்தவர்கள் பலரும் கேட்பது இதுதான்: சரக்கை வாங்கி வைக்காமல், கைமுதல் இல்லாமல் செய்ய முடியாதா?

முடியும். 2015-இல் தொடங்கிய மீஷோ செயலி அப்படித்தான் வளர்ந்தது. படத்தைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, தன் லாபத்தைச் சேர்த்து ஆர்டர் போட்டால் பொருள் நேரே வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும். வீட்டை விட்டு வெளியே போக வழியில்லாத எத்தனையோ பெண்கள் தங்கள் பெயரில் முதல் காசைப் பார்த்தது இந்த வழியில்தான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இன்று அதே செயலி வாங்குபவர் கையிலும் இருக்கிறது. உங்களிடம் உள்ள படம் அவரிடமும் உள்ளது. நடுவில் நீங்கள் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் காரணம் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. விளக்குத்தூணில் இறங்கினால் தெற்கு மாசி வீதி, பத்துத்தூண் சந்து, மகாலைச் சுற்றிய தெருக்கள் என்று நடக்க நடக்க ஜவுளிதான். பெங்களூரில் உட்கார்ந்து படம் ஃபார்வர்டு செய்கிறவரால் முடியாத ஒன்றை நீங்கள் செய்யலாம். சேலையை விரித்து, கையில் கசக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்பக்கம் புரட்டிப் பார்க்கலாம். உங்கள் வியாபாரமே அந்தப் பார்வைதான் என்பேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். கால் வைக்க இடமிருக்காது, நின்று பேசக் கடைக்காரருக்கும் நேரமிருக்காது.

சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தினர் வளர்த்த தொழில் இது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பருத்திச் சேலையை மடித்துப் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை உருவினால் கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவே போடுவது. அந்தக் கூலி விலையில் ஏறாமல் எங்கே போகும்? ஆகவே இன்று சுங்குடி என்ற பெயரில் கடையில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சு அல்லது ஸ்கிரீன் பிரிண்ட்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கிரீன் பிரிண்ட் எளிது. புரட்டினால் உள்பக்கம் வெளிறியிருக்கும், புள்ளிகள் எல்லாம் ஓர் அச்சாக இருக்கும். மெழுகு அச்சு கொஞ்சம் ஏமாற்றும். மெழுகை அச்சில் தொட்டுத் துணியில் வைத்த பிறகு சாயத்தில் முக்குவதால் இரண்டு பக்கமும் நிறம் பிடித்திருக்கும். புரட்டிப் பார்ப்பது மட்டும் இங்கே போதாது. ஒரு சாண் அளவு இடத்தை எடுத்துக்கொண்டு, அதே கோலம் அச்சு அளவுக்கு அளவு அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மயிரிழைபோலச் சாயக்கோடு ஓடியிருக்கும். கைமுடிச்சில் எந்தப் புள்ளியும் இன்னொன்றைப்போல இருக்காது. ஒன்று சதுரமாக, ஒன்று கோணலாக, சிலவற்றின் நடுவில் சாயம் ஏறிச் சின்ன வளையமாகத் தெரியும். இஸ்திரி படாத சேலையென்றால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் துணி லேசாகக் குமிழ்ந்திருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

தெரியவில்லையென்றால் கேளுங்கள்.

"அண்ணே, இது கைமுடிச்சா, பிரிண்ட்டா?"

"பிரிண்ட்டுதான்க்கா. கைமுடிச்சு இந்த விலைக்கு எப்படி வரும்?"

பலரும் இப்படி நேராகவே சொல்லிவிடுவார்கள். பொய் நுழைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பிரிண்ட் சேலையைப் பிரிண்ட் விலைக்கு வாங்கி, 'ஒரிஜினல் மதுரை சுங்குடி, ஹேண்ட்மேட்' என்று எழுதி விற்கும்போது. பிரிண்ட் சேலை கேவலமில்லை. வெயிலுக்கு இதம், தினப்படிக்கு உகந்தது, துவைத்துக் கட்டலாம். பிரிண்ட் என்று எழுதியே விற்கலாம், விற்கும். பொய்யான புவிசார் குறியீட்டோடு பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, முடிச்சுப் போடும் பெண்ணின் கூலியைக் கீழே இழுப்பது இந்தப் பொய்தான் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரிண்ட்டையே கைமுடிச்சு என்று 600 ரூபாய்க்குக் கட்டிப் பழகியவர், உண்மையான கைமுடிச்சின் விலையைக் கேட்டதும் 'அநியாயம்' என்று போய்விடுகிறார்.

இனி காசுக்கு வருவோம். அடக்கவிலை 550 என்று வைத்துக்கொள்ளுங்கள். 700-க்கு, ஷிப்பிங் ஃப்ரீ என்று போடுகிறீர்கள். கூரியர் 60, கவர் 10. மிச்சம் 80. இதே சேலை திரும்பி வந்தால்? போன கூரியர் 60, வந்த கூரியர் 60, கவர் 10, மடிப்புக் கலைந்ததால் அடுத்தவருக்கு விலையில் விட்டுக்கொடுப்பது 50. ஆக 180 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பத்து சேலையில் எட்டு நின்று இரண்டு திரும்பினால், 640 ரூபாய் லாபத்தில் 360 போய் 280தான் மிஞ்சும். உங்கள் நேரத்துக்கு அதில் கணக்கே இல்லை. பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் சிஓடி முறையில் இன்னும் மோசம். கதவைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்ல வாங்குபவருக்கு ஒரு செலவும் இல்லை. முன்பணம் கொடுப்பவர்களோடு மட்டும் தொடங்குங்கள் என்று இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

சேலை திரும்பி வர முதல் காரணம் நிறம். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் அரக்கு சிவப்பாகிவிடும், டியூப்லைட்டில் எடுத்தால் மயில்கழுத்து வெறும் நீலமாகிவிடும். காலையில், மொட்டை மாடிப் படிக்கட்டு நிழலில் எடுங்கள். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். முந்தி, பார்டர், உடல் என்று தனித்தனியாக எடுத்து, உள்பக்கத்தையும் ஒரு படம் போடுங்கள். அடுத்து எழுத்து. நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்த்தா சேர்க்காமலா, கஞ்சி போட்டதா, முதல் சலவையில் சாயம் விடுமா. 'முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், கொஞ்சம் சாயம் போகும்' என்று முன்கூட்டியே எழுதியவருக்குச் சண்டை வராது. எழுதாதவருக்கு அதே சாயத்துக்காக வெள்ளைச் சட்டையின் படத்தோடு புகார் வரும்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று மேலே எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், குறையுள்ள பொருளையோ சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வது கிழிசல், பொருள் மாறிய தகராறுகளுக்கு உதவும். பிரிண்ட்டைக் கைமுடிச்சு என்று எழுதியவரை எந்த வீடியோவும் காப்பாற்றாது.

மொத்தக் கடையில் வரும் இன்னொரு தொல்லை, செட். ஒரு டிசைனில் ஐந்தாறு நிறம் சேர்த்துத்தான் தருவார்கள். அதில் இரண்டு நிறம் ஓடும், இரண்டு மெதுவாகப் போகும், ஒன்று அடுத்த ஆடி வரை பீரோவில் கிடக்கும். நம்பிக்கையான தோழி ஒருவரோடு சேர்ந்து செட்டை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே வாடிக்கையாளர்கள் இருக்கக் கூடாது, அது முக்கியம். பில் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். சேலையில் உள்ளே கிழிசல் இருந்தால் கொண்டுபோய்க் காட்ட அந்தப் பில்தான் இருக்கிறது.

எவ்வளவு தூரம் விற்பது? முதல் ஆண்டு தமிழ்நாட்டுக்குள்ளேயே நில்லுங்கள். பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்பினாலும் பதிவு தேவைப்படும். பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் சரக்கு அதில் வருமா என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில்லாத சிறு வியாபாரிகளும் ஆன்லைன் சந்தைத் தளங்கள் வழியாக விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்தது. அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கும் இணையதளங்களுக்குள் போகாதீர்கள்.

பார்சலைக் கட்டும் முன் ஒன்று. பணம் வந்ததாக அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து அனுப்பாதீர்கள். அதைப் போலியாகத் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு எந்த நாளும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. 'தெரியாம கூட அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க' என்று அவசரப்படுத்தினாலும் முதலில் கணக்கைத்தான் பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.

(அடுத்த வாரம்: பார்சல் கட்டுவது, எடை, கூரியரா தபாலா)