ஓராண்டு வாசிப்பும் பினாங்கு நூல்களும்

ஆண்டு வாசிப்புச் சவாலில் இறங்கும் ஒருவர் ஜனவரியில் தமக்கென ஓர் இலக்கை வைத்துக்கொள்கிறார். மாதம் ஒன்று என்றால் 12 நூல்கள். வாரம் ஒன்று என்றால் 52. படித்து முடித்த நூலைப் பட்டியலில் ஏற்றி, அதைப் பற்றித் தோன்றியதைச் சில வரிகளாவது எழுதிவைக்கிறார். டிசம்பர் 31இல் கணக்கு முடிகிறது. நடுவரும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் இந்தப் பழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. பினாங்கின் தமிழ் வாசகருக்கு இதில் ஓர் அரிய வாய்ப்பும் இருக்கிறது. இந்த நகரத்தைப் பற்றியோ, இதைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றியோ தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட நூல்களை ஒரே ஆண்டுக்குள் அடுத்தடுத்துப் படித்துவிட முடியும்.

குட்ரீட்ஸ் இணையதளம் 2011இல் ஆண்டு இலக்கை அறிமுகப்படுத்திய பிறகு இது பெருவழக்கானது. மறு ஆண்டே ஆன் மோர்கன் என்ற ஆங்கில எழுத்தாளர் நாட்டுக்கு ஒன்றாக 196 நாடுகளின் நூல்களைப் படிக்க முனைந்தார். தம் அலமாரியில் பிரிட்டன், அமெரிக்க எழுத்தாளர்களே நிறைந்திருப்பதைக் கவனித்ததுதான் அதற்குக் காரணம். அவருக்குத் தொடக்கத்திலேயே கைகொடுத்தவர்களில் ஒருவர் மலேசியர். கோலாலம்பூர் வாசகி ஒருவர், முன்பின் அறியாத அவருக்காகப் புத்தகக் கடைக்குப் போய், நூல் தேர்ந்தெடுத்து அனுப்பிவைத்தார். ஷி லி கோ எழுதிய 'ரிப்பிள்ஸ்' சிறுகதைத் தொகுப்பு அப்படித்தான் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழில் எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் முன்னெடுத்த ஆயிரம் மணிநேர வாசிப்புச் சவால் வேறு வகை. அதில் நூல்களின் எண்ணிக்கை பொருட்டல்ல. வாசித்த நேரத்தைக் குறித்துவர வேண்டும். ஓராண்டில் 1,000 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இது கடினமான இலக்குதான். ஆனால் நூல்களை எண்ணும் முறையைவிட இதுவே நேர்மையானது. தடித்த நூலைத் தொட்டவருக்கு இதில் நட்டம் இல்லை.

மலேசியாவில் பள்ளிக்குப் போனவர்களுக்குப் படித்ததைக் கணக்கு வைக்கும் எண்ணம் புதிதல்ல. கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் கொண்டுவந்த நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ் மாணவர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். தலைப்பு, ஆசிரியர் பெயர், பதிப்பகம், சுருக்கம், படிப்பினை என்று அந்தப் பதிவு நீளும். தமிழ்ப்பள்ளி மாணவரின் பதிவேட்டில் மூன்று மொழி நூல்களும் இடம்பெறும். வீட்டில் புத்தகமே இல்லாத குழந்தையையும் நூலகத்துக்குள் அழைத்துவந்தது இத்திட்டத்தின் பெரும் பயன். ஆனால் எண்ணிக்கைக்கு அங்கீகாரம் என்றாகும்போது மெல்லிய நூல்களைத் தேடும் கைகளும், பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதும் கைகளும் பெருகும். எல்லா நூலுக்கும் ஒரு படிப்பினை உண்டு என்ற நினைப்பையும் பதிவேட்டின் படிப்பினைக் கட்டம் விதைத்துவிடுகிறது. நல்ல நாவல் பலவேளைகளில் படிப்பினை எதையும் தராது; வாசகரைக் குழப்பத்தில் விட்டுவிட்டுப் போகும். பள்ளியில் பழகிய அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகே ஒருவரின் சொந்தக் குறிப்பு தொடங்குகிறது.

எண்ணுவதில் உள்ள சிக்கல் தமிழ் வாசகருக்கு இன்னும் அதிகம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். அதை ஒன்றாகக் கொள்வதா, ஐந்தாகக் கொள்வதா? ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்களாக விரிகிறது. அதில் மூழ்கியவருக்கு ஓராண்டு முழுவதும் வேறு நூல் எதுவும் தேவைப்படாது. மறுபக்கம் குறுந்தொகை. 401 சிறு பாடல்கள். பக்கக் கணக்கில் பார்த்தால் வார இறுதியில் முடிந்துவிடும். ஆனால் நாளுக்கு ஒரு பாடல் என்று படிப்பவருக்கு அது ஓராண்டையும் கடந்து நீளும். இப்படிப் படித்தவர் பட்டியலில் ஒரே ஒரு நூலைக் காட்டினாலும் அந்த ஆண்டை வீணாக்கியவர் ஆகமாட்டார். ஆகவே எண்ணிக்கையை ஒரு தூண்டுகோலாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு முடிந்து சில மாதங்களில் 30 படித்தோமா 40 படித்தோமா என்பது மறந்துபோகும். எழுதிவைத்த குறிப்புதான் மிஞ்சும்.

நூலைப் பற்றிய குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழில் நல்ல முன்னோடி உண்டு. க.நா.சுப்ரமண்யம் 1957இல் வெளியிட்ட 'படித்திருக்கிறீர்களா?' அப்படிப்பட்ட நூல். தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒரு வாசகராக நின்று, தம் விருப்பு வெறுப்பை மறைக்காமல் சில பக்கங்களில் அவர் பேசுகிறார். கதையை முழுவதும் சொல்வது அவர் நோக்கமல்ல. இந்த நூலை ஏன் படிக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

சவாலில் ஈடுபடுபவரும் இதையே பின்பற்றலாம். நூலை மூடிய அன்றே எழுதினால் உணர்ச்சி மிகுந்துவிடும். ஒரு மாதம் கழித்து எழுதினால் பெயர்கள் நழுவியிருக்கும். சில நாள் இடைவெளியே பொருத்தமானது. மனத்தில் தங்கிவிட்ட காட்சி, ஆசிரியரோடு உடன்பட முடியாத இடம், இந்த நூல் கைகாட்டும் இன்னொரு நூல் ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். சுருக்கம் எங்கும் கிடைக்கும். ஆசிரியரோடு முரண்பட்ட இடத்தை அந்த வாசகர் மட்டுமே எழுத முடியும்.

பினாங்கை மையமாக வைத்த பட்டியலைப் பா. சிங்காரத்திடமிருந்து தொடங்குவதே முறை. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த அவர், இளம் வயதிலேயே வேலைக்காகச் சுமத்ராவின் மேடான் நகரத்துக்குப் போனவர். ஜப்பானியர் ஆட்சியை அந்தப் பகுதியில் நேரில் கண்டார். பின்னர் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியாற்றினார். எழுதிய நாவல்கள் இரண்டே: 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'. முதல் நாவலின் செல்லையா பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்ப்பவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து திரும்பும்போது முதலாளியின் மகள் மரகதத்தை மணக்கும் வாய்ப்பு அவனுக்குக் கைநழுவிவிடுகிறது. இரண்டாம் நாவலின் பாண்டியன் மேடானிலிருந்து தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் கடல் கடந்து பினாங்கு வருகிறான். இந்த நாவல்களைத் தமிழ்நாட்டில் படிப்பவருக்குப் பினாங்கு ஒரு தொலைதூரத் துறைமுகம். ஜார்ஜ் டவுனில் படிப்பவரோ புத்தகத்தை மூடிவிட்டுச் சூலியா தெருவில் இறங்கி நடக்கலாம். முதலாளி, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காக இயங்கிய வட்டிக்கடைக் கிட்டங்கி வாழ்க்கை நடந்த கட்டடங்களில் இன்று தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் இருக்கலாம். ஆனால் நீண்ட முன்கூடமும் உள்முற்றமும் கொண்ட அந்த வீட்டமைப்பு பல இடங்களில் அப்படியே நிற்கிறது.

சிங்காரத்தை அடுத்து டான் துவான் எங்கைப் படிப்பது இந்தப் பட்டியலின் சிறந்த பகுதி. 1972இல் பினாங்கில் பிறந்த அவருடைய முதல் நாவல் 'தி கிஃப்ட் ஆஃப் ரெயின்' 2007இல் வெளிவந்து புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆங்கிலேயத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த பிலிப் ஹட்டன், எண்டோ என்ற ஜப்பானியரிடம் தற்காப்புக் கலை பயில்கிறான். போர் வந்ததும் அந்த ஆசானிடம் கொண்ட பற்றே அவனை இரண்டகத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. சிங்காரம் எழுதியதும் இதே போர், இதே தீவு. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன; பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்ற மக்களை விட்டுச் சென்றனர். டானின் நாவல் அந்தக் காலத்தை வணிக மாளிகையிலிருந்து பார்க்கிறது. சிங்காரத்தினுடையது கணக்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறது. இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்தால் மூன்றாவது குறிப்பு ஒன்று தானாகவே பிறக்கும்: அருகருகே வாழ்ந்த இந்த மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பது. ஒரே நூலைப் படித்தவருக்கு இது புலப்படாது.

டான் துவான் எங்கின் 2023ஆம் ஆண்டு நாவல் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' 1921இல் பினாங்குக்கு வரும் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமைப் பாத்திரமாக்குகிறது. 1910இல் இங்கே தங்கிச் சீனப் புரட்சிக்கு ஆதரவு திரட்டிய சுன் யாட்சென்னும் அதில் வருகிறார். நாவலில் வரும் அர்மீனியன் தெருவின் வீடுகளை அதைப் படித்த கண்ணோடு பார்ப்பது தனி அனுபவம்.

நாவல்களுக்கு நடுவே வரலாற்று நூல் ஒன்றும் தேவை. கூ சல்மா நசுத்தியோன் எழுதி, பினாங்கின் அரேக்கா புக்ஸ் 2014இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' அந்த இடத்துக்கு உரியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை மையமாக வைத்து, 1786 முதல் 1957 வரை சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் வாழ்வை அது விரித்துக் காட்டுகிறது. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் 1883இல் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தியதும் இந்த நகரத்தில்தான். பினாங்கில் தமிழ் வாசிப்பு என்பது இறக்குமதிச் சரக்கல்ல. நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் உள்ளூர் மரபு. இதை மலேசியத் தமிழர்களே பலர் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

பிற்காலத்துக்கு வந்தால் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு கண்ணியாக அமைகிறது. 'அந்திம காலம்', 'காதலினால் அல்ல' போன்ற நாவல்களை எழுதிய ரெ. கார்த்திகேசு அங்கே பேராசிரியராக இருந்தவர். மலாய் இலக்கியத்தின் பெரும் படைப்பாளி ஷானோன் அகமதுவும் அங்கேதான் பணியாற்றினார். அவருடைய 'ரஞ்சாவ் செபன்ஜாங் ஜாலான்' 1966இல் வெளிவந்தது. காலில் தைத்த முள்ளால் மாண்டுபோகும் கெடா நெல் விவசாயியின் குடும்பம் சிதறும் கதை. கெடாவின் பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' அதே மாநிலத்தின் தமிழ்க் குடியேறிகளைச் சொல்கிறது. வயலும் தோட்டமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அவற்றின் கதைகள் வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்டன. மலாயில் இன்னும் பின்னோக்கிப் போக விரும்புவோருக்கு 1849இல் வெளியான 'ஹிக்காயாட் அப்துல்லா' இருக்கிறது. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப்படும் அப்துல்லா முன்ஷி தமிழ் வேர் உடையவர். மலாக்காவில் தமிழும் பயின்றவர்.

நூல்களைத் தேடிப் பெறுவது இங்கே கடினமல்ல. சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகள் பெயர்பெற்றவை. அங்கே பட்டியலில் இல்லாத நூல் ஒன்று கையில் சிக்குவதே வழக்கம், அதற்கும் இடம் விட்டுவைக்க வேண்டும். பினாங்கு நூலகத்தின் தொடக்கம் 1817ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2016இல் மின்னூலகமும் திறக்கப்பட்டது. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் இணையத்தில் இயங்கும் மதுரைத் திட்டம் உண்டு. 2011இல் தொடங்கிய ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருதைப் பெற்றது. நவம்பர் வாக்கில் நடக்கும் அவ்விழாவுக்குள் பட்டியலின் ஆங்கிலப் பகுதியை முடித்தவர்கள் எழுத்தாளர்களிடம் நேரிலேயே கேள்வி கேட்கலாம்.

டிசம்பரில் செய்ய வேண்டிய வேலை இலக்கை எட்டினோமா என்று பார்ப்பதோடு முடிவதில்லை. எந்த மொழியில் அதிகம் படித்தோம், பெண் எழுத்தாளர்கள் எத்தனை பேர், உள்ளூர் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்பதைக் குறிப்புகளே காட்டிக்கொடுத்துவிடும். பாதியில் விட்ட நூல்களையும் பக்க எண்ணோடு பதிவது அவசியம். அந்தப் பக்கத்தில் ஏன் நின்றது என்று ஒரு வரி எழுதினால், மறு ஆண்டு அதை அங்கிருந்து தொடரலாமா, கைவிடலாமா என்று முடிவெடுக்க முடியும். குறிப்புகளில் இன்னொரு நூலைக் கைகாட்டிய வரிகளைத் தனியே எடுத்து எழுதினால் ஜனவரிப் பட்டியலின் முதல் சில பெயர்கள் கிடைத்துவிடும்.