கண்ணாடி மணி

நம் முன்னோர் கைத்தொழில் பலவற்றில் சிறந்து விளங்கினர். அவற்றுள் கண்ணாடி மணி செய்தலும் ஒன்றாகும். புதுச்சேரிக்கு அருகில், அரியாங்குப்பத்தாற்றின் கரையில் உள்ள அரிக்கமேடு இதற்குச் சான்று பகரும். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கண்ணாடி மணிகளும், அவற்றைச் செய்தபோது எஞ்சிய துண்டுகளும் அம்மேட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இவ்வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளிலும் காணப்படுகின்றன.

மணி செய்யும் முறை வியப்புக்குரியது. இளகிய கண்ணாடியை இரும்புக் குழலின் முனையில் திரட்டி, நடுவே துளையுண்டாக்கி, உலையினுள் செலுத்துவர். எதிர்ப்புறம் இருக்கும் கைவினைஞர் கொக்கியால் அதனைப் பற்றி இடையறாது இழுப்பார். துளையோடு கூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய் நீண்டு வரும். கை விரைந்தால் குழாய் மெலியும், தயங்கினால் பருக்கும். பின்னர் அதனைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, துளை தூர்ந்து போகாவண்ணம் சாம்பல் சேர்த்துச் சூடேற்றுவர். கூரிய விளிம்புகள் மழுங்கி, துண்டுகள் மணிகளாகும்.

ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுப்பேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் இம்முறை வழக்கிலிருந்ததை ஆய்வாளர்கள் நேரிற் கண்டனர். அதனாலேயே அரிக்கமேட்டுத் தொழிலின் நுட்பமும் தெளிவாக விளங்கிற்று.

இதனை ஏட்டால் மட்டும் கற்றல் இயலாது. உலைக்களமே பள்ளி; மூத்தோர் கையே பாடநூல். பலர் கூடி உழைத்தாலன்றி ஒரு மணியும் உருவாகாது. மண்ணுள் புதைந்த மணி ஈராயிரம் ஆண்டு அழியாதிருந்தது. அதனைச் செய்யும் திறனோ, ஒரு தலைமுறை கற்கத் தவறினும் மறைந்துவிடும். ஆதலின், கைத்தொழில் கற்பாரைப் போற்றுதல் நம் கடமையாகும்.