கல்லூரிப் பருவத்தில் உணவும் உடலுழைப்பும்: நீரிழிவுக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

நீரிழிவுப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர், தம் மருந்துச் சீட்டை வாங்கிய பின்னும் எழுந்து செல்லத் தயங்குவதுண்டு. அவர்கள் கேட்க நினைப்பது தம்மைப் பற்றியன்று. உடன் வந்திருக்கும் பிள்ளையைப் பற்றி. "எனக்கு வந்தது வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கிற இவனுக்கும் வருமா?" என்பதே அந்தக் கேள்வி.

வரக்கூடும், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. பெற்றோருள் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பின் பிள்ளைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இருவருக்கும் இருப்பின் மேலும் கூடுகிறது. எனினும் மரபு வழியே வருவது நோயன்று, நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே. அவ்வியல்பு நோயாக முதிர்வதும், முதிராமல் தள்ளிப்போவதும் பெரும்பாலும் பதினெட்டு வயதுக்குப் பின் ஒருவர் தாமே அமைத்துக்கொள்ளும் அன்றாட வாழ்வைப் பொறுத்தவை. வீட்டுச் சமையலை விட்டு விடுதி உணவுக்கும், பள்ளி விளையாட்டுத் திடலை விட்டு வகுப்பறை நாற்காலிக்கும் பிள்ளைகள் இடம் மாறும் காலம் அதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், வயது வந்தோருள் நூற்றுக்கு 15 பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளோர் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையுடையோர். அதே வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகையும் உள்ளது. வயிறு நிறைகிறது, எடை கூடுகிறது, ஆயினும் இரும்புச்சத்து இல்லை. காவிரிப் படுகையின் உணவுத் தட்டை உற்றுநோக்கினால் இந்த முரண் எளிதில் விளங்கும்.

நம் பகுதியில் சோறு என்பது வெறும் உணவன்று. உழைப்பின் கூலியும் விருந்தின் அளவும் அதுவே. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டைப் பகுத்து வாழ்ந்த தாத்தா, விடியலில் வயலில் இறங்கி உழுது, நாற்று முடி சுமந்து, கதிரறுத்துக் கட்டுத் தூக்கியவர். அவருக்கு மலைபோல் குவித்த சோறும் போதாது. இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கு எந்திரம், அறுவடைக்குப் பெரிய அறுவடை எந்திரம். பேரனோ பேருந்தில் ஏறிக் கல்லூரிக்குச் சென்று, ஆறு மணி நேரம் அமர்ந்திருந்து, விடுதி அறைக்குத் திரும்பிக் கைப்பேசியுடன் படுக்கிறான். உழைப்பு வயலை விட்டுப் போய்விட்டது. சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்திலேயே நிற்கிறது. "பிள்ளை இளைத்துப் போய்விட்டான்" என்று விடுமுறையில் கூடுதலாக ஓர் அகப்பை வைக்கும் பாட்டியின் அன்பை யாரும் குறை கூற முடியாது. ஆனால் கணையம் அன்பைக் கணக்கில் கொள்வதில்லை.

அரிசியைப் பகையாக்க வேண்டியதில்லை. அரிசி எவ்வாறு மாறியது என்பதை அறிந்தால் போதும். நெல்லின் உமியை நீக்கியபின் தவிடு என்னும் மெல்லிய போர்வை எஞ்சுகிறது. நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் அதில்தான் உள்ளன. ஆலையில் பளபளப்பாகத் தீட்டும்போது அது போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்துக் காயவிடும் நம் புழுங்கல் முறையில், தவிட்டிலுள்ள வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்றுவிடும். பின்னர் தீட்டினாலும் ஓரளவு எஞ்சும். தீட்டிய பச்சரிசியை உண்ட பகுதிகளில் கால்களைத் தளரச் செய்யும் பெரிபெரி நோய் பரவியதும், புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பியதும் இதனால்தான். அந்நோயை ஆராய்வதற்காக 1918இல் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவர் ஒப்பிட்டபோது, கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சோறே பெரும்பகுதியாகவும் மற்றவை பெயரளவிலும் அமைந்த சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின. குறை சோற்றில் இருந்ததைவிட, சோற்றுக்குத் துணையாக வராதவற்றில் இருந்தது.

அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 250 கிராம் போதும் என்கிறது. இது சமைக்காத தானியத்தின் எடை. காலை இட்லி மாவிலுள்ள அரிசியும் இதில் அடங்கும். காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் பங்கு 85 கிராம். விடுதித் தட்டில் இந்த விகிதம் பெரும்பாலும் தலைகீழாகவே உள்ளது. சோற்றுக்கு அளவில்லை, பொரியலோ ஒரு கரண்டி.

இதற்காக அயல்நாட்டு ஓட்ஸையும் விலையுயர்ந்த பொடிகளையும் தேட வேண்டாம். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரவயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது இம்மண்ணின் வழக்கம். நெல்லுக்குப் பின்னால் புரதத்தை விதைத்த அந்த ஏற்பாட்டைத் தட்டிலும் பின்பற்றலாம். மாலை வேளையில் பஜ்ஜிக்கு மாற்றாகச் சுண்டல் ஒரு கிண்ணம், வேர்க்கடலை ஒரு கைப்பிடி. காலையில் அவித்த முட்டை ஒன்று. காவிரிக் கரையில் வாழைத்தண்டுக்கும் வாழைப்பூவுக்கும் பஞ்சமில்லை. முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. கடலோர ஊர்களின் மத்தி மீன் விலை மலிவானது, சத்து மிகுந்தது. விடுதியில் எதையும் மாற்ற இயலாத மாணவர், உண்ணும் வரிசையையேனும் மாற்றலாம். கூட்டையும் பொரியலையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி போன்ற மரபு நெல் வகைகளைப் பற்றி நோயாளிகள் அடிக்கடி கேட்கின்றனர். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 150க்கும் மேற்பட்ட மரபு வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமனுக்கு இப்பகுதி பெரிதும் கடன்பட்டுள்ளது. தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் அதுவும் அரிசியே. "சர்க்கரைக்கு நல்லது" என்று இரு மடங்கு உண்டால், நன்மை அளவிலேயே கரைந்துபோகும். மாத்திரையை நிறுத்திவிட்டு மரபு அரிசிக்கு மாறுவது பெரும் ஆபத்து.

மாணவர் உணவில் அமைதியாகத் தீங்கு செய்வது சோற்றைவிடக் குடிப்பவைதாம். 300 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை உண்டு. தேர்வு நாட்களில் நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் கணக்கு அங்கேயே வந்துவிடும். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், நிறுத்துவது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. திருவையாற்று அசோகாவைப் பாசிப்பருப்பில் செய்வதால் அது பருப்பு உணவு ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டியுள்ளது. திருவிழாவுக்கு ஒரு கரண்டி உண்ணலாம்.

மாணவியருக்குத் தனியாக ஒரு சொல். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பது குறைகிறது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது நன்று. அதே உணவோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் ஏற்பு கூடுகிறது. எடை குறைப்பதாக எண்ணிக் காலை உணவைத் தவிர்க்கும் பழக்கம் மாணவியரிடையே மிகுதி. காலையில் விட்டது இரவில் பரோட்டாவாகத் திரும்பி வரும். உடல் பருமனைச் சுட்டி வீட்டார் செய்யும் கேலி, பிள்ளைகளை மறைவாக உண்ணவோ உணவை அறவே ஒதுக்கவோ தூண்டக்கூடும் என்பதையும் உறவினர் நினைவில் கொள்ள வேண்டும்.

உடலுழைப்பைப் பொறுத்தவரை உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு எளிது: வாரத்தில் 150 நிமிடம் விரைவு நடைக்கு ஒத்த உழைப்பு, அதனுடன் இரு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது விரைவு நடை. இயங்கும் தசைகள், இன்சுலின் சரியாகச் செயல்படாத நிலையிலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆதலால் இரவு உணவுக்குப் பின் விடுதி வளாகத்தில் பதினைந்து நிமிடம் நடப்பதும் வீணன்று. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற வளாகங்களில், ஒரு துறையிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து சென்றாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் அரசு வழங்கிய மிதிவண்டி பல வீடுகளின் திண்ணையோரம் துருவேறிக் கிடக்கிறது. அதற்குக் காற்றடிப்பது உடற்பயிற்சிக்கூடக் கட்டணத்தைவிட மலிவு. சிலம்பமும் கபடியும் அறிந்த மாணவருக்குத் தசைப் பயிற்சியை வேறு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மாணவியருக்கு மாலையில் வெளியே நடக்கப் பாதுகாப்பும் நேரமும் கிடைப்பதில்லை என்பது உண்மையான தடையே. அதை அவர்களின் சோம்பலாகக் கருதாமல், விடுதிக்குள் திடலைத் திறந்துவிடும்படி பெற்றோர் நிர்வாகத்திடம் கேட்கலாம்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேரைப் பிரித்து மூன்றாண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு அடைந்தனர். உணவையும் நடையையும் தொடர்ந்து ஒழுங்குபடுத்தியவருள் 39 பேர். மருந்தில்லாமல் கிடைத்த வேறுபாடு இது. பங்கேற்றோர் நடுத்தர வயதினர் எனினும், இருபது வயதில் தொடங்குவோர்க்குப் பயன் குறையும் என்று எண்ணக் காரணமில்லை.

முதல் வகை நீரிழிவுடன் இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாணவர் விளையாடத் தடையில்லை. விளையாடும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வதும், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும், உடன் ஆடும் ஒருவருக்கேனும் தம் நிலையைச் சொல்லிவைப்பதும் கட்டாயம். உடற்பயிற்சிக்கூடங்களில் விற்கும் புரதப் பொடியை, சிறுநீரக நோயோ அதன் குடும்ப வரலாறோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

உள்நோயாளியாகிய தந்தைக்கோ தாய்க்கோ துணையாகத் தங்கியிருக்கும் மாணவர்கள் இம்மலரைப் படிக்கக்கூடும். வாரக்கணக்கில் கடை உணவும் தரையில் அரைத் தூக்கமுமாக நாட்களைக் கழிப்போர் நீங்கள். தூக்கக் குறைவும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். இரவுத் துணையை உறவினருடன் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பெற்றோருக்கு நீரிழிவு இருந்து, உங்கள் உடல்நிறைக் குறியீடு 23 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருந்தாலோ, வயதைப் பாராமல் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எட்டு மணி நேரம் ஏதும் உண்ணாமல், தண்ணீர் மட்டும் அருந்தி, காலையில் வர வேண்டும். அளவு 100க்குக் கீழ் இருப்பின் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126 அல்லது அதற்கு மேல் எனில் மறுநாள் மீண்டும் பரிசோதித்து மருத்துவரைக் காண வேண்டும்.