பாண்டவர் பெயரில் ஒரு நீலச் சிறகு

மும்பையின் அலங்காரச் செடிகளே இந்தக் குட்டி வண்ணத்துப்பூச்சிக்குக் காடு. தோட்டக்காரருக்கோ அது வெறும் பூச்சி.

மகாராஷ்டிரம் 2015ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'புளூ மார்மன்' உள்ளங்கையைவிடப் பெரியது. மாட்டுங்கா, செம்பூர் குடியிருப்புகளின் வாசலில் தாழப் பறக்கும் நீலமோ, சிறகு விரித்தாலும் சுமார் 3 சென்டிமீட்டர்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'ப்ளெய்ன்ஸ் க்யூபிட்' என்று பெயர். 1829ல் இதை விவரித்த தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் வைத்த அறிவியல் பெயர் 'பாண்டவா'.

நீலம் ஆணுக்கே தாராளம். பெண்ணின் சிறகோரம் அகலமான பழுப்பு. சிறகு மூடினால் சாம்பல் நிறம், பின்சிறகில் ஆரஞ்சு மகுடம் சூடிய கரும்புள்ளி, மெல்லிய வால். அதைத் தலை என்று நம்பும் எதிரி கொத்தினால் சிறகு நுனி போகும், உயிர் தப்பும்.

தாய் முட்டையிடத் தேடுவது சைக்கஸ் செடியின் இளங்குருத்தை. குருத்து முற்றிவிட்டால் புழுவால் கடிக்க முடியாது. எனவே வாழ்க்கையே அவசரம்: முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் சில வாரங்களில் முடிகிறது. புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் சுற்றி நிற்கின்றன. கூலி இனிப்பு, வேலை காவல்.

அழகுக்காகச் சைக்கஸ் வளர்ப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஒரே நேரத்தில் விரியும் புதுக்குருத்து முழுவதும் அரிக்கப்பட்டால், அடுத்த துளிர் வரும்வரை செடி மூளியாக நிற்கும். உடனே மருந்துத் தெளிப்பான் வெளியே வருகிறது. புழுவோடு எறும்பும் மடிகிறது.

பயம் முழுக்க வீணல்ல. செடி வியாபாரத்தோடு பல நாடுகளுக்குப் பரவிய இந்தப் பூச்சி 2005ல் பசிபிக்கின் குவாம் தீவில் தென்பட்டது. செதில் பூச்சியால் ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த அத்தீவின் சைக்கஸ் மரங்களுக்கு அது இரண்டாவது அடி. ஆனால் இந்தியா இதன் சொந்த மண். புழுவைத் தின்னும் எதிரிகளும் இங்கேயே உண்டு. மருந்து அவர்களையும் விடுவதில்லை.

செலவில்லாத வழி இருக்கிறது: குருத்து முற்றும்வரை கொசுவலைத் துணியால் மூடினால் போதும். ஒரு தொட்டியை மூடாமல் விட்டால் பூச்சிக்கும் பங்கு கிடைக்கும்.

தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, குப்பைமேட்டின் மீது மரம் வளர்த்து 1994ல் திறக்கப்பட்டது. இன்று அங்கே வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். இரை தரும் செடி இருந்தால் சிறகு வரும். குப்பைமேடானாலும் சரி, குடியிருப்பு வாசலானாலும் சரி.