பெட்டியடியில் கிடக்கும் துண்டுத் துணிகள்

தையற்காரர் சட்டையைக் கொடுக்கும்போது, மிச்சம் விழுந்த துண்டுகளையும் சுருட்டிக் கொடுப்பார். நாமும் "எதற்காவது உதவும்" என்று பெட்டியின் அடியில் போட்டு வைப்போம். வருஷங்கள் ஓடும், பெட்டி நிறையும். கடைசியில் அவை அடுப்பங்கரைப் பிடிதுணியாகப் போய்ச் சேரும்.

இப்படிப்பட்ட துண்டுத் துணிகளாலேயே உலகப் புகழ் பெற்ற கிராமம் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஆற்று வளைவில் ஓர் ஊர்

ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே, அலபாமா நதி குதிரை லாடம் போல வளைந்து ஓடும் ஓரிடத்தில், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்து கிடக்கிறது ஜீஸ் பெண்ட் கிராமம். ஜீ என்ற வெள்ளைக்காரர் 1816-ல் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-ல் தோட்டம் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமைகளுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் அவ்வூரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான்!

1865-ல் விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. குத்தகைக்கு உழுது, கடனில் காலம் தள்ளினார்கள். 1932-ல் கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோனார். பாக்கிக்கு ஈடாகக் கால்நடைகளும் கருவிகளும் தானியமும் வாரிச் செல்லப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவுதான் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது.

பலகை இடுக்குகளில் குளிர்காற்று புகும் குடிசைகள். கம்பளி வாங்கக் காசு ஏது? கிழிந்த கால்சட்டை, மாவு மூட்டை, சாயம் போன கவுன் எல்லாவற்றையும் பெண்கள் துண்டு போட்டு இணைத்தார்கள். நடுவே பஞ்சைப் பரப்பி, மெத்தைப் போர்வையாகத் தைத்தார்கள். காகிதத்தில் வரைந்த மாதிரி கிடையாது. கைக்குக் கிடைத்த துணியும் கண்ணுக்குப் பிடித்த நிறமுமே வழிகாட்டி. இதற்கு அவர்கள் வைத்த பெயர், 'என் வழி'!

மிசௌரி பெட்வே என்ற பெண்மணி கணவரை இழந்தார். வயலில் அவர் உழைத்த உடுப்புகளைச் சேர்த்து 1942-ல் ஒரு போர்வை தைத்தார்; மகள் கூட இருந்து உதவினாள். முழங்கால் தேய்ந்த இடமும் வெளுத்த நீலமும் அதில் அப்படியே தெரிகின்றன. அவரை நினைத்து, அவருடைய உடுப்புக்குள்ளேயே போர்த்திக்கொண்டு தூங்கத்தான் அதைத் தைத்தாராம்.

நீங்களும் தைக்கலாம்

இந்தக் கலைக்கு மிஷின்கூட அவசியமில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், பொறுமை நான்கும் போதும். முதல் முயற்சிக்குத் தொட்டில் குழந்தைக்கான மூன்றடிச் சதுரப் போர்வையே நல்லது.

முதலில் துணிகளைத் தோய்த்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். சாயம் போகும் துணி ஒன்று இருந்தாலும் மற்றவற்றைக் கெடுத்துவிடும். பருத்தியோடு பருத்தியே சேரட்டும். பட்டைக் கலந்தால் இழுத்துக்கொள்ளும்.

ஜீஸ் பெண்ட் பெண்களுக்குப் பிடித்த 'வீட்டுக் கூரை' அமைப்பு மிகவும் சுலபம். ஆறரை அங்குலத் துண்டு ஒன்றை நடுவில் வையுங்கள். மற்றத் துணிகளை இரண்டரை அங்குல அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். பட்டையின் நல்ல பக்கமும் துண்டின் நல்ல பக்கமும் முகம் பார்க்க வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். விரித்து இஸ்திரி போட்டு, மிஞ்சியதை வெட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் அடுத்த பட்டை. இப்படி மூன்று சுற்று வந்தால் ஒன்றரை அடிச் சதுரம் கிடைக்கும். பட்டை நீளம் போதவில்லையா? இரண்டு துண்டுகளை இணைத்துக்கொள்ளுங்கள். கோணலாகிவிட்டதா? கோணலாகவே இருக்கட்டும், கடைசியில் ஓரத்தை மட்டும் நேராக்குங்கள். அழகே அந்தக் கோணலில்தான் இருக்கிறது.

நான்கு சதுரங்களைத் தரையில் பரப்பி, நாலடி தள்ளி நின்று பாருங்கள். திருப்பி, மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரே அழுத்தமான நிறம் இரண்டு மூன்று இடங்களில் வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். பிறகு நான்கையும் இணையுங்கள்.

அடியில் பழைய நூல் புடவை; சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நடுவில் பழைய வேஷ்டியை இரண்டு மடிப்பாக வையுங்கள். மூன்றும் நகராதபடி பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சிறு தையலாக நூலோட்டுங்கள். வரிசைக்கு வரிசை மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். தோய்க்கும்போது உள்துணி சுருண்டுவிடும். நூலை இறுக்கி இழுக்கவும் கூடாது. கடைசியாக, அடிப்புடவையின் ஓரத்தை மேலே மடித்துத் தைத்தால் போர்வை தயார்.

தண்ணீரைத் தாண்டிய போர்வை

1962-ல் அவ்வூருக்குப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஓட்டுரிமை கேட்டு ஆற்றைத் தாண்டி வந்தவர்களைத் தடுக்கத்தான்! எதிர்க்கரைக்குச் சுமார் 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப ஓடியது 2006-ல்தான். இதற்கிடையே 1966-ல் அந்த வட்டாரப் பெண்கள் தையல் கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்தார்கள். 2002-ல் அவர்கள் போர்வைகள் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தின் சுவரில் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம் பெற்றன.

நம் நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியினரான சித்தி இனப் பெண்கள், கர்நாடகத்தின் வட கன்னட வட்டாரத்தில் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிப்பது அவர்கள் வழக்கம்.

பாட்டியின் நூல் புடவையில் தொட்டில் கட்டி வளர்ந்தவர்கள் நாம். பழந்துணியின் மென்மை நமக்குத் தெரியாததல்ல. உங்கள் பெட்டியிலும், எடுத்துக் கொடுக்க மனம் வராத ஒரு சட்டையோ புடவையோ இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கண் கலங்கி, மறுபடியும் மடித்து வைப்பீர்கள்.

அடுத்த தடவை மடித்து வைக்காதீர்கள். ஊசியில் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்!